மணிக்கட்டின் கீழ் ஒரு ஸ்டிக்கர்

2025 தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது விண்டோஸ் 10 இயங்குதளம் ஓய்வு பெற்றது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடும் என்பது பல மாதங்களாக ஊரறிந்த செய்திதான். எனக்கும் தெரியும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்பதைப்போல, தெரிந்தே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த சங்கதி. அன்று காலை பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, கிரயப் பத்திரம் ஒன்றைக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கிழக்கே பொதுச் சாலை, மேற்கே இன்னாரின் மனை, வடக்கே கால்வாய் என்று சொத்தின் நான்கு எல்லைகளில் மூன்றை முடித்து நான்காவதற்கு வந்தபோது, இனி இந்த மடிக்கணினியின் எல்லை என்ன என்ற கேள்வி வந்தது.

சோதித்துப் பார்த்தேன். விண்டோஸ் 11-க்கு மாற முடியாது என்று பதில் வந்தது. காரணம் செயலி, கணினிக்குள் கணக்குப் போடும் சிப். புதிய இயங்குதளம் ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியல், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. என்னுடையது ஏழாம் தலைமுறை. 2017 ஏப்ரலில் வாங்கியது. மடிக்கணினிக்கான எட்டாம் தலைமுறைச் செயலியை இன்டெல் அறிவித்தது அதே ஆண்டு ஆகஸ்டில். நான்கு மாதம் முந்திப் பிறந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப்போன தாய்போல நின்றேன்.

மதியச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். "எட்டு வருடம் உழைத்துவிட்டது, புதிது வாங்கிவிடு" என்றார் கணவர். "ஆப்பிள் மேக் வாங்கலாம் அம்மா, நீ இருக்கும்வரை அதுவும் இருக்கும்" என்றாள் மகள். அது எனக்கு வாழ்த்தா, கணினிக்கு வாழ்த்தா என்று தெரியவில்லை. தீபாவளிப் பட்சணம் கொடுக்க வந்திருந்த கொழுந்தன், "லினக்ஸ் போடுங்கள் அண்ணி, காசும் மிச்சம், மானமும் மிச்சம்" என்றார். லினக்ஸ் என்பது இலவசமாகக் கிடைக்கும் இன்னோர் இயங்குதளம். மூன்று பேரும் எனக்கு நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆனால் ஒருவர்கூட, நீ அந்தக் கணினியில் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. எங்கோ கேட்ட, எங்கோ பார்த்த ஒரு வாசகத்தை ஆளுக்கொன்றாக என் இலையில் பரிமாறினார்கள்.

மாலை மறுபடி வேலைக்கு உட்கார்ந்தபோதுதான், மணிக்கட்டு வைக்கும் இடத்தில் ஒட்டியிருந்த இரண்டு ஸ்டிக்கர்களை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். இடப்பக்கம் செயலியின் பெயர். வலப்பக்கம் விண்டோஸின் நான்கு சன்னல்கள். எட்டு வருடம் என் கை உராய்ந்ததில் சன்னல்களில் ஒன்று முழுதாக அழிந்துவிட்டது. ஓரத்தில் பசை கசிந்து, அதில் தூசி படிந்து, கறுப்பாக ஒரு கரை கட்டியிருந்தது. வாங்கிய அன்று இதை உரிக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? புதுப் புடவையில் விலைச் சீட்டை விட்டுவைத்துக் கட்டிக்கொண்டு போவோமா?

இந்த ஸ்டிக்கருக்கு ஒரு கதை இருக்கிறது. மிக்சிக்குள் இருக்கும் பேரிங் யார் செய்தது என்று கேட்டு யாரும் மிக்சி வாங்குவதில்லை. ஒரு காலத்தில் கணினியின் செயலியும் அப்படித்தான், உள்ளே கிடக்கும் ஓர் உதிரி பாகம். 1991-இல் இன்டெல் 'இன்டெல் இன்சைட்' என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. கணினி விற்கும் நிறுவனம் தன் விளம்பரத்தில் இந்தச் சின்னத்தைச் சேர்த்தால், விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றுக்கொள்ளும். சில வருடங்களில் ஐந்து சுர மெட்டு ஒன்றும் சேர்ந்துகொண்டது. கண்ணுக்கே தெரியாத பொருளின் பெயரைக் கடைக்குப் போகிறவர் தானே கேட்டு வாங்கும் நிலை வந்தது. விளம்பரக் கலையில் இதைவிடப் பெரிய வித்தை அபூர்வம் என்பேன். விண்டோஸ் சின்னமும் பின்னர் அதே மனையில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது.

சரி, நான் விண்டோஸை எப்போது தேர்ந்தெடுத்தேன்?

யோசித்தால் ஒரு மாடிப்படி நினைவுக்கு வருகிறது. 1999. சிவாஜி நகரில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம், காலத்துக்கேற்பப் பாதி அறையைத் தடுத்துக் கணினி நிலையம் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் தட்டச்சு இயந்திரங்களின் படபடப்பு, அந்தப் பக்கம் குளிரூட்டியின் உறுமல். கணினி அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. சோமேஸ்வரர் கோயிலுக்கு வெளியே விடுவதைப்போல வரிசையாக விட்டுவிட்டுப் போவோம். விசைப்பலகைக்கு பிளாஸ்டிக் உறை, திரைக்குத் துணி உறை. உறையை மடித்து வைப்பதுதான் முதல் பாடம். இரண்டாம் பாடம் விண்டோஸ் 98, மூன்றாவது வேர்டு, நான்காவது எக்செல். நான்கும் முடிந்தால் 'கணினிப் பயிற்சி' என்று சான்றிதழ். கணினி வேறு, விண்டோஸ் வேறு என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வனஸ்பதி எல்லாவற்றுக்கும் டால்டா என்று பெயர் வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஆகவே நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. அப்படியானால் அந்த விளம்பரங்கள் எல்லாம் யாருக்காக?

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தூக்கம் வராவிட்டால் நீதிமன்ற ஆவணங்களை வாசிப்போம். அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் 1999 நவம்பரில் வெளியிட்ட உண்மை முடிவுகள், அதாவது நடந்தது என்ன என்று அவர் கண்டறிந்தவை, அப்படித்தான் ஒரு ராத்திரி என் கையில் சிக்கின. அதில் ஓர் இடம் கதைபோல இருக்கிறது.

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 வெளியாகும் நாள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை விளம்பரத்துக்கு வாங்கியிருந்தார்கள். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் விண்டோஸ் நிறங்களில் ஒளிர்ந்தது. லண்டனில் 'தி டைம்ஸ்' நாளிதழை அன்று மைக்ரோசாஃப்ட் செலவில் இலவசமாகவே கொடுத்தார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த திருவிழா. அதே நாளில் திரைக்குப் பின்னால் ஐபிஎம் நிறுவனம் தன் கணினிகளில் விண்டோஸ் 95 போட்டு விற்பதற்கான உரிமத்துக்குக் காத்திருந்தது. ஐபிஎம்மிடம் சொந்தமாக ஓஎஸ்/2 என்ற இயங்குதளம் இருந்தது. அதைக் கைவிட மறுத்ததும், பழைய உரிமத்தொகைக் கணக்கில் தகராறு இருந்ததும் பேச்சுவார்த்தையை இழுத்தடித்தன. வெளியீட்டு விழா தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் உரிமம் கிடைத்தது என்று அந்த ஆவணம் சொல்கிறது. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்ட பிறகு, சம்பந்தியை வாசலில் நிறுத்தி வைத்த கல்யாணம்.

இந்த ஓஎஸ்/2-க்கு விளம்பரம் இல்லாமல் இல்லை. ஐபிஎம் ஏழை நிறுவனமும் இல்லை. கன்னியாஸ்திரிகள் ஓஎஸ்/2 பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வதுபோல ஒரு தொலைக்காட்சி விளம்பரமே எடுத்தார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் போட்டி ஒன்றுக்கு அந்த மென்பொருளின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடையில் இருக்கிற பெட்டியைத் திறந்தால் உள்ளே எது இருக்கிறதோ அதுதான் மக்களின் தேர்வு. அந்தப் பெட்டிக்குள் எது போகும் என்பதை முடிவு செய்தது தொலைக்காட்சி இல்லை, ஒப்பந்தக் காகிதம். கணினியில் எந்த இயங்குதளம் போட்டு விற்றாலும், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற வகை உரிமம் ஒன்று சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. வேறொன்றைப் போட்டால் இரண்டு பேருக்கும் கட்ட வேண்டும் என்றால், எந்த வியாபாரி வேறொன்றைப் போடுவான்? அமெரிக்க நீதித்துறையுடன் 1994-இல் ஏற்பட்ட சமரசத்தில்தான் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

இதைப் படித்த பிறகு விளம்பரத்தைப் பற்றிய என் எண்ணமே மாறிவிட்டது. விளம்பரம் நம்மை வாங்க வைக்கிறது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட பொருளை, நாமே பார்த்துப் பிடித்துக் கொண்டுவந்ததுபோல நினைக்க வைக்கிறது. பெண் பார்க்கும் சடங்கு மாதிரி. எல்லாம் பேசி முடித்த பிறகு, "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பார்கள்.

2008-இல் மைக்ரோசாஃப்ட் செய்த ஒரு சோதனை இதற்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து சாட்சி சொல்கிறது. அப்போது விண்டோஸ் விஸ்டாவுக்குப் பெயர் கெட்டிருந்தது. பயன்படுத்தாதவர்களும் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிலரைக் கூப்பிட்டு, 'மொஹாவி' என்ற புதிய இயங்குதளம் வருகிறது, பாருங்கள் என்று காட்டினார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பிறகுதான், ஐயா நீங்கள் பார்த்தது விஸ்டாவேதான் என்று சொன்னார்கள். அதையே படம் பிடித்து விளம்பரமாகவும் போட்டார்கள். மக்கள் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் என்பதைக் காட்டி, ஆகவே எங்களை நம்புங்கள் என்று கேட்ட ஒரே விளம்பரம் அதுவாகத்தான் இருக்கும். பாவம், விஸ்டாவின் பெயர் அதனால் ஒன்றும் நிமிரவில்லை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் வடிவமைப்புப் படிப்பவள், அவளுடைய கல்லூரியில் மேசைக்கு மேசை ஆப்பிள்தான். "அதில் என்ன விசேஷம்?" என்று கேட்டால், "அது வேறு மாதிரி அம்மா" என்பாள். வேறு மாதிரி. இதே சொல்லைத்தான் 1997-இல் ஆப்பிள் தன் விளம்பர வாசகமாக வைத்தது. ஐன்ஸ்டைன், பிக்காசோ வரிசையில் காந்தியும் அந்த விளம்பரத்தில் வருவார். கையால் நூற்ற துணியைத் தவிர வேறு கட்டமாட்டேன் என்ற மனிதரைக் கூப்பிட்டுக் கணினி விற்றிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1984 ஜனவரி 22-ஆம் தேதி, ரிட்லி ஸ்காட் இயக்கிய ஒரு நிமிட விளம்பரம். சாம்பல் நிறக் கூட்டம், ராட்சதத் திரை, ஓடிவந்து சம்மட்டி எறியும் ஒரு பெண். மேக்கின்டாஷ் கணினி அதில் ஒரு முறைகூடக் காட்டப்படவில்லை, அவள் சட்டையில் கோட்டோவியமாக இருப்பதைத் தவிர. இரண்டு நாள் கழித்து வந்த அந்தக் கணினியின் விலை 2,495 டாலர், நினைவகம் 128 கிலோபைட். இதில் எதையும் அந்த ஒரு நிமிடம் சொல்லவில்லை. அது கணினியைப் பற்றிய விளம்பரமே இல்லை, அதை வாங்கப்போகிறவர் தன்னை யாராக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய விளம்பரம். 2006 முதல் 2009 வரை, 'நான் மேக்', 'நான் பிசி' என்று இரண்டு பேர் நின்று பேசும் தொடரும் அப்படித்தான். அதில் மிடுக்கான மேக்காக நடித்த ஜஸ்டின் லாங்கையே 2021-இல் இன்டெல் கூப்பிட்டு, மேக்கைக் கிண்டல் செய்யும் விளம்பரத்தில் நடிக்க வைத்தது. அவரும் நடித்தார். நடிகருக்கு எந்த இயங்குதளம் என்று யாரும் கேட்கவில்லை.

நான் இதையெல்லாம் சொன்னால் மகள், "நீ எல்லாவற்றிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பாய்" என்பாள். ஆகவே வாயை மூடிக்கொண்டு, ஹெப்பாளில் 2025 செப்டம்பரில் திறந்த ஆப்பிள் கடைக்கு அவளோடு போனேன். மேசைமேல் இருந்த மேக்புக்கில் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. தமிழ்99, அஞ்சல் இரண்டுமே. எதையும் நிறுவ வேண்டியதில்லை. 'கிரயப் பத்திரம்' என்று அடித்தேன். வந்து விழுந்த எழுத்து மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி, ரகரத்தின் கால், புள்ளியின் இடம் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. எனக்குத் தேவையான ஒரே விஷயம் அதுதான். நாற்பது வருட விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் பட்டதில்லை. விண்டோஸ் 2000-இலிருந்து யூனிகோடு தமிழும் லதா எழுத்துருவும் கூடவே வந்தன. அதையும் எந்தப் பாட்டுக் குழுவும் பாடவில்லை. நாங்களாகத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம்.

மேக்புக்கின் விலையைக் கேட்டேன். கேட்டுவிட்டு மகளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன்.

கொழுந்தன் தன்னை விளம்பரத்துக்கு மயங்காதவர் என்று சொல்லிக்கொள்வார். அவருடைய அலமாரியைத் திறந்தால் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்பது இருக்கிறது. 2001-இல் தொடங்கிய 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு, அதுவே பெயர் மாறி 2012 வரை நடந்த 'ஃபாஸ் டாட் இன்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் குறுந்தகடுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்க இலவசமாக அஞ்சலில் அனுப்பிய காலத்தில், பத்துப் பத்தாக வரவழைத்துத் தெருவில் விநியோகித்தவர். 'மனிதர்களுக்கான லினக்ஸ்' என்று அதற்கு ஒரு வாசகம் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த தகட்டை முருங்கைக்காய்க் கொத்தில் குருவி வராமலிருக்கக் கட்டித் தொங்கவிட்டோம். அது அவருக்கு இன்றுவரை தெரியாது, இப்போது தெரிந்துவிடும்.

லினக்ஸுக்கும் பெரிய கை விளம்பரம் இருந்தது. 2001-இல் ஐபிஎம், சமாதானச் சின்னம், இதயம், பென்குயின் மூன்றையும் சான்பிரான்சிஸ்கோ, சிகாகோ நடைபாதைகளில் தெளித்துவிட்டு, நகரத்தை அசிங்கப்படுத்தியதற்காகப் பணம் கட்டியது. எதிர்ப்பக்கம் மட்டும் சும்மா இருந்ததா? லினக்ஸுக்குப் பத்து மடங்கு செலவாகும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு விளம்பரம் போட்டது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2004-இல் அதைத் தவறாக வழிநடத்துவது என்று சொல்லிவிட்டது. லினக்ஸை விலையுயர்ந்த ஐபிஎம் பெருங்கணினியில் ஓட்டி, விண்டோஸைச் சாதாரண சர்வரில் ஓட்டி ஒப்பிட்டிருந்தார்கள். ஒரு மூட்டை அரிசியைப் பத்துச் சக்கர லாரியில் ஏற்றிவிட்டு, ஆட்டோவைவிட வாடகை அதிகம் என்று சொல்லும் கணக்கு.

2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு, பெங்களூரு மாநகராட்சி இரவு பகலாக பிளெக்ஸ் பேனர்களைக் கிழித்து எறிந்தது. எங்கள் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரிந்தது, திருவள்ளுவர் சிலை தெரிந்தது. கொஞ்ச நாளைக்காவது. ஆனால் அதற்கு முன்பே பேனர்கள் மடிக்கணினிக்குள் குடிபெயரத் தொடங்கியிருந்தன. விண்டோஸ் 10-இன் தொடக்கப் பட்டியலில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டு ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் 11-இல் 2024 ஏப்ரல் முதல் பரிந்துரை என்ற பெயரில் ஆப் விளம்பரங்கள் வந்தன. கொழுந்தனின் உபுண்டுவும் சளைத்ததில்லை. 2012 அக்டோபர் பதிப்பில், உங்கள் கணினியில் ஒரு கோப்பைத் தேடினால் கூடவே அமேசானில் விற்கும் பொருள்களையும் காட்டியது. இதை வேவு மென்பொருள் என்றே கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் சொன்னார். 2016-இல் அதைத் தானாக இயங்காதபடி நிறுத்தினார்கள். இதைப் பற்றிக் கேட்டால் கொழுந்தன் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவார். முன்பெல்லாம் இயங்குதளத்துக்கு விளம்பரம் செய்தார்கள். இப்போது இயங்குதளமே சுவராகிவிட்டது, சுவரொட்டிக்கு.

கடைசியில் ஒரு புதன்கிழமை, மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். சதர் பத்ரப்பா ரோடு என்பதை முழுதாகச் சொல்கிறவர்கள் இப்போது யாரும் இல்லை. வயர் சுருள், பழைய விசைப்பலகை மலை, தள்ளுவண்டியில் மின்விசிறிகள். புது மடிக்கணினிகளில் சிலவற்றின் மேல் 'டாஸ்' என்று சீட்டு. ஃப்ரீடாஸ் என்ற இலவச இயங்குதளத்தின் சுருக்கம், 1994-இல் ஜிம் ஹால் தொடங்கியது. யாரும் அதைப் பயன்படுத்துவதற்காக வாங்குவதில்லை. விண்டோஸுக்கான பணம் சேராத விலை என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். ஒரு நல்ல மென்பொருள் இந்தத் தெருவில் வெறும் விலைச் சீட்டாக வாழ்கிறது.

பழுதுபார்க்கும் கடையில் இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். கன்னடத்தில் தொடங்கி, என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு வந்துவிட்டான். பின்மூடியைக் கழற்றி ஊதினான். அலுவல் முடிந்த அரிசி மில்போலத் தூசி பறந்தது.

"என்ன வேலை செய்வீர்கள் அக்கா இதில்?"

பத்து நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். மொழிபெயர்ப்பு, தமிழ் அடிப்பது, நுடி எழுத்துருவில் வரும் பழைய கன்னடக் கோப்புகளைப் படிப்பது, வேர்டு கோப்பில் திருத்தம் போட்டு அனுப்புவது என்று சொன்னேன். "மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குதான் கிழடு. எஸ்எஸ்டி போட்டால் ஓடும். மேலே என்ன வேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள்" என்றான். விண்டோஸ் 11-ஐத் தடையைத் தாண்டி ஏற்றித் தருவதாகவும் சொன்னான். திருத்தம் தொடர்ந்து வருமா என்று கேட்டேன். "அது சொல்ல முடியாது" என்றான். வியாபாரத்தில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எஸ்எஸ்டிக்கு மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பென் டிரைவோடும் வெற்றி முகத்தோடும் வந்தார். உபுண்டு 24.04-ஐ நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். தமிழ்99 ஐந்து நிமிடத்தில் வேலை செய்தது. நுடிக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை. அவர் முகம் சற்று இறங்கியது. பழைய வட்டிலிருந்து நுடி எழுத்துருக்களை மட்டும் நகலெடுத்துப் போட்டதும் கன்னடம் எழுந்து நின்றது. பத்து வருடமாக என்னை விண்டோஸில் கட்டிவைத்திருந்தது என்று நான் நம்பிய கயிறு, நான்கு எழுத்துருக் கோப்பு. வேர்டு கோப்புகளின் திருத்தக் குறிப்புகள் சரியாக வந்தன. ஒரு வாடிக்கையாளரின் அட்டவணை மட்டும் பக்கம் தாண்டி ஓடியது, இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டு ஸ்கேனர் அசையவே இல்லை. பிராண்டைச் சொல்லமாட்டேன். பழைய வட்டை ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். ஸ்கேன் செய்ய வேண்டிய நாளில் இணையத்தைத் துண்டித்துவிட்டு அதிலிருந்து விண்டோஸைத் தொடங்குகிறேன். கொழுந்தனுக்கு இது பாதி வெற்றி. ஊரில் முழு வெற்றி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஸ்டிக்கர்களைத் தேங்காய் எண்ணெய் தடவி உரித்தேன். அடியில் புது நிறத்தில் இரண்டு சதுரங்கள். மற்ற இடம் எல்லாம் பழுத்துப்போயிருந்தது.

இதையெல்லாம் எங்கள் மாமாவிடம் சொல்லப் போனேன். அம்மாவின் தம்பி. அல்சூர் சந்தைத் தெரு முனையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். வயது எழுபத்தொன்று. அவருடைய கணினியில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. பத்திரிகை வடிவமைப்பது பேஜ்மேக்கர் 7, 2001-இல் வந்தது, அதற்குப் பின் புதுப் பதிப்பே வரவில்லை. இணைய இணைப்பு கிடையாது, ஆகவே வைரஸும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. தமிழ் எழுத்துருக்களோடு அந்தக் காலத்தில் வாங்கிய ஒரு பூட்டு, தீப்பெட்டி அளவு, கணினியின் பின்னால் பழைய பிரிண்டர் துளையில் செருகியிருக்கிறது. அது இருந்தால்தான் எழுத்து வரும். துளை தளர்ந்துவிட்டதால் ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார். நடுவில் எழுத்தெல்லாம் கட்டமாக மாறினால், திரும்பிப் பாராமலே கையைப் பின்னால் விட்டுக் கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்துவார். மணமகன் பெயர் திரும்ப வந்துவிடும்.

நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஐபிஎம் கதையையும், காந்தி கதையையும்கூட. ஒரு சீமந்தப் பத்திரிகையில் 'நிகழும் மங்களகரமான' என்ற வரியை நடுவுக்கு நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, அந்த எஸ்.பி. ரோட்டுப் பையன், நல்ல பையன் என்றாயே."

"ஆமாம் மாமா."

"அவனிடம் இந்தத் துளை உள்ள பழைய மதர்போர்டு கிடைக்குமா என்று கேள். ஓடுவதாக இருந்தால் இரண்டாக வாங்கி வந்துவிடு. விலையைப் பார்க்காதே."

அடுத்த புதன்கிழமை போனேன். பையன் கடைக்குள் போய், சிமெண்டுச் சாக்கு ஒன்றை இழுத்து வந்து தரையில் கொட்டினான். நாங்கள் இருவரும் குந்தி உட்கார்ந்து, இருபத்தைந்து ஊசி நுழையும் துளையைத் தேட ஆரம்பித்தோம்.